தை மாதம் முத்துப்பேட்டை, கோடியக்கரை பயணம்: பெற்றோர்களுக்குச் சில விஷயங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முத்துப்பேட்டைக்கும் கோடியக்கரைக்கும் கூட்டிப் போகிறோம் என்று வகுப்பில் சொன்னதிலிருந்து, கொக்கு நாரை பார்க்கவா சார் இவ்வளவு தூரம், அதுதான் நம் கண்மாயிலேயே நிற்கிறதே என்று சிலர் நேரில் வந்தே கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கண்மாயில் நிற்பது உண்மைதான். ஆனால் தண்ணீரும் இரையும் எங்கே இருக்கிறதோ அங்கே மாறிமாறிப் போய்த்தான் நீர்ப்பறவைகள் பிழைக்கின்றன. கடற்கரையில் இடம் கெட்டால் இங்கேயும் குறையும். இங்கே கண்மாய் கெட்டால் அங்கே கூட்டம் கூடி இரை போதாது. முத்துப்பேட்டை லகூன் ஆழமில்லாத உவர்நீர் ஏரி. காவிரியின் கடைமடை ஆறுகள் கொண்டுவரும் நல்ல தண்ணீரும் கடல் தண்ணீரும் அங்கேதான் கலக்கின்றன. சுற்றிலும் அலையாத்திக் காடு. கோடியக்கரையையும் சேர்த்து இந்தப் பகுதி 2002இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியல்) இடம்பெற்றது, தமிழ்நாட்டிலேயே முதலாவதாக.

பிள்ளைகள் அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது சேறு. ஆமாம், சேறுதான். வெறும் பொட்டல், எதற்கும் ஆகாத நிலம் என்று நாம் தள்ளிவிடுகிற அந்தச் சேற்றுக்குள் புழு, நத்தை, குட்டி நண்டு என்று கோடிக்கணக்கில் உயிர்கள் இருக்கின்றன. குட்டை மூக்கு உள்ளான் மேல்சேற்றில் கொத்தும், நீண்டு வளைந்த மூக்குள்ள பறவை ஆழத்தில் இருக்கும் புழுவை இழுக்கும், கரண்டிவாயன் தண்ணீரை இடமும் வலமும் அரித்துக்கொண்டே நடக்கும், பூநாரை தலையைக் கவிழ்த்து மூக்கைத் தலைகீழாக வைத்துச் சின்னஞ்சிறு உயிர்களை வடிகட்டித் தின்னும் (அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவதுதான்). ஒரே சேற்றில் இத்தனை பேருக்குச் சாப்பாடு நடப்பதற்குக் காரணம் தண்ணீரின் ஆழம். இந்த உயரம் உள்ள பறவைக்கு இந்த ஆழம் என்று கணக்கு இருக்கிறது. வரப்புப் போட்டு இறால் பண்ணை ஆக்கினாலோ, மேலே ஆற்றுத் தண்ணீர் வராமல் உப்பு ஏறினாலோ, முகத்துவாரம் மணல் மேவி அடைத்துக்கொண்டாலோ அந்தக் கணக்கு உடைந்துபோகும். யாரும் துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை, பறவை தானாகவே காணாமல் போய்விடும். இந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டால் எனக்குப் போதும்.

கெட்டதைச் சரிசெய்யவும் முடியும் என்பதற்கும் அங்கேயே சாட்சி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அலையாத்தி மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கிக் காய்ந்து, உப்புப் பூத்து, விதை முளைக்காமல் போனது. அப்புறம் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைத்தண்ணீர் உள்ளே போய்வர வழி செய்தார்கள், காடு திரும்ப வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டை மறுபடி முறித்துப் போட்டது, அதன் அடையாளங்களையும் பார்க்கலாம். போகிற வழியில் வேதாரண்யத்தில் 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடத்தையும் காட்டப்போகிறோம்.

சரி, இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

முதலில் தீபாவளி. நம் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பல தலைமுறையாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய்கள் 1977இல் சரணாலயம் ஆயின, ஆனால் அவர்களுடைய கட்டுப்பாடு எந்த அரசாணைக்கும் காத்திருந்து வந்ததில்லை. எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் பெரிய மரியாதை. அந்த அளவுக்கு உங்களை நான் கேட்கவில்லை. கண்மாய்க் கரையிலும், கூடு இருக்கிற மரங்களுக்கு அடியிலும் வெடிக்க வேண்டாம், பிள்ளைகளை அங்கே போகவிட வேண்டாம், அவ்வளவுதான்.

அடுத்தது சொல்லக் கொஞ்சம் சங்கடமானது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கொக்கு, உள்ளான், கௌதாரி என்று வலை போட்டுப் பிடித்துக் கறிக்கு விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வீட்டில் கூண்டில் கிளி வைத்திருப்பதும் குற்றம்தான். சட்டத்தை விடுங்கள், சின்ன உள்ளான் 20, 30 கிராம்தான் இருக்கும், வட துருவப் பக்கத்துச் சைபீரியாவிலிருந்து அந்த உடம்போடு பறந்து வருகிறது. ஒரு வாய்க் கறி தேறாது. அதைச் சட்டியில் போட எப்படி மனம் வருகிறது?

கண்மாய் வரத்துக்காலில் வீட்டுக் குப்பையைக் கொட்டுவதும் நிற்க வேண்டும். முற்றத்தில் விழுந்த மழையைக்கூட வீணாக்காமல் சேர்த்தவர்கள் நம் முன்னோர், ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வைத்தவர்கள். அதற்கு வரும் தண்ணீரில் நாம் பாலிதீன் பை மிதக்க விடுவது நன்றாகவா இருக்கிறது? கண்மாய்க்குள் சீமைக்கருவேலத்தை எடுக்கும்போதும் கூடுகளில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்து, பறந்து போகும்வரை பொறுங்கள். நாட்டுக்கருவேலத்தை வெட்டவே வேண்டாம், நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்ட விரும்புகிற மரம் அது.

பயணத்துக்குப் பிள்ளைகள் பச்சை, காக்கி மாதிரி மங்கலான நிறத்தில் உடுத்தி வரட்டும். புளிச்சாதமோ தயிர்சாதமோ எவர்சில்வர் டப்பாவில் கொடுத்துவிடுங்கள், சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். பறவைக் கூட்டத்தைக் கைதட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்க ஆசைப்படுவார்கள், வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்: ஒவ்வொரு முறை விரட்டும்போதும், திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்காக அது சேர்த்து வைக்கிற கொழுப்புக் கரைகிறது. ஆராய்ச்சிக்காகக் காலில் வளையம் போட்ட பறவையைப் பார்த்தால் அதன் நிறத்தையும் எண்ணையும் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கட்டும்.

பணம் கட்ட முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் போதும், அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டுத் தீபாவளி விடுமுறைக்கு முன் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், மலேசியா, சிங்கப்பூரில் இருந்து வந்த பைனாகுலர் யார் வீட்டு அலமாரியிலாவது சும்மா கிடந்தால் இரண்டு நாளுக்கு இரவல் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்