பொறி காலி, பழத்துக்குள் புழு: ஆப்பிள் தோட்டக்காரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

ஆப்பிளைத் துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சியான காட்லிங் அந்துப்பூச்சிக்கான இனக்கவர்ச்சிப் பொருள்களை (பெரோமோன், அதாவது ஆணை இழுக்கும் பெண் பூச்சியின் வாடை) மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். நல்ல வேலை. ஆனால் பூச்சியைக் கண்காணிக்கும் பொறியும், இனச்சேர்க்கையைக் குழப்ப மரத்தில் கட்டும் பெரோமோன் குழாயும் ஒரே சரக்கு போலக் கைமாறுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண பெரோமோன் பொறியில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே. நாலு பொறி கூடுதலாக மாட்டிப் புழுவை ஒழித்துவிட முடியாது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், தப்பிய சிலவே போதும். பொறியின் வேலை மருந்தடிக்க நாள் குறித்துக் கொடுப்பது. பூ மலரும் முன்பே ஹெக்டேருக்கு ஒன்று வீதம், மரத்தின் மேல் பாகத்தில் மாட்டுங்கள். தொடர்ந்து பூச்சி விழத் தொடங்கிய நாளிலிருந்து, அன்றாடச் சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் அளவை மட்டும் கூட்டி வந்தால், ஏறக்குறைய 140ஐத் தொடும்போது முட்டை பொரியத் தொடங்கும். பொரித்த புழு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பழத்தைத் துளைத்துவிடும். அப்புறம் அடிக்கிற மருந்து வீண்.

பொறிக்குள் வைக்கும், பெரோமோன் ஊறிய கவர்ச்சி ரப்பரை வெறுங்கையால் தொடக்கூடாது. வேறு பூச்சியின் வாடை விரலில் ஒட்டியிருந்தால் எண்ணிக்கை குழம்பும். பழைய ரப்பரை மரத்தடியில் வீசுவதும் அதே கேடுதான். தூசியும் பூச்சிச் செதிலும் படிந்த பொறியின் ஒட்டுத்தாளில் பூச்சி ஒட்டாது. அதை எண்ணி ‘பூச்சி குறைந்துவிட்டது’ என்று எழுதி வைப்பவர்கள் நிறைய.

கட்டும் வகைப் பெரோமோன் குழாய் ஹெக்டேருக்குச் சுமார் 1,000 வேண்டும். முதல் பூச்சி பறக்கும் முன், மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் கட்ட வேண்டும். கீழ்க் கிளையில் கை எட்டுகிற இடத்தில் கட்டினால், உச்சியில் இணை சேர்வது தடையின்றி நடக்கும். காற்றடிக்கும் ஓரங்களில் வாடை நிற்காது. அங்கே நெருக்கமாகக் கட்டுங்கள். பூச்சி ஏற்கெனவே மிகுந்திருந்தால் இது மட்டும் போதாது, முதல் தலைமுறைக்கு மருந்தோ, இந்தப் புழுவைக் கொல்லும் கிரானுலோ வைரஸோ சேர்த்தே ஆகவேண்டும்.

குழாய் கட்டிய தோட்டத்தில் 1 மில்லிகிராம் பெரோமோன் கொண்ட ரப்பர் வைத்த பொறி அநேகமாக ஊமைதான்: ஆணுக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. 10 மில்லிகிராம் ரப்பரையோ, பெண்ணையும் இழுக்கும் பேரிக்காய் மணக் கலவையையோ கொடுங்கள். அப்போதும் காய்களைப் பார்க்காமல் விடாதீர்கள். காயின் அடிக்குழியில் பழுப்பு நிற எச்சத்தூள் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது.

சிறு தோட்டம் ஒன்று தனியாக இதைச் செய்து தேறுவது அரிது. பக்கத்துத் தோட்டத்தில் கருவுற்ற பெண் பறந்து வந்து முட்டையிடும். அதைக் குழப்ப எந்த வாடையும் இல்லை. ஆகவே உறுப்பினர் பட்டியலை வைத்துப் பிரிக்காமல், ஒட்டிக் கிடக்கும் தோட்டங்களாகச் சேர்த்து, குறைந்தது 4 ஹெக்டேருக்கு ஒரே வாரத்தில் கட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள். இடையில் கவனிப்பாரற்ற மரங்களும், கூடு கட்டிய புழு ஒளிந்திருக்கும் பழைய மரப்பெட்டி அடுக்குகளும் இருந்தால், குழாய் வாங்கும் முன் அவற்றை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புப் பணியாளர்கள்