வகுப்பறையில் பிள்ளைகள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அறிந்த பள்ளிகள் பலவற்றில் காலை வணக்கக் கூட்டத்தில், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு ஆகியவற்றோடு இப்போது இன்னொரு பகுதியும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் ஒலிபெருக்கியில் “நான் அறிவாளி”, “நான் வெற்றியாளன்”, “என்னால் எதுவும் முடியும்” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கையை உயர்த்தி உரக்கத் திருப்பிச் சொல்கிறார்கள். பொதுத்தேர்வு நெருங்கும்போது தன்னம்பிக்கைப் பேச்சாளர்களை வரவழைத்து இதையே ஒரு மணி நேர நிகழ்ச்சியாகவும் நடத்துகிறார்கள். பிள்ளைகள் தங்களைத் தாழ்வாக எண்ணக் கூடாது என்ற அக்கறையே இதற்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை. அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் எனக்கும் அந்த அக்கறை உண்டு. ஆனால், தன்னம்பிக்கை குன்றிய பிள்ளைக்குக் கைகொடுக்கும் சொற்கள் இவை அல்ல என்பதையும், கைகொடுக்கும் சொற்களைப் பாடவேளைக்குள், கணக்கு நின்றுபோகும் இடத்தில் வைத்துத்தான் கற்பிக்க முடியும் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சக ஆசிரியர்களுக்கும் கல்வித்துறையினருக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

இத்தகைய முழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. பிரான்சில் மருந்தாளுநராக இருந்த எமில் கூவே என்பவர், தாம் ஒவ்வொரு நாளும் எல்லா வகையிலும் மேன்மேலும் நலமடைந்து வருவதாகச் சொல்லும் ஒரே வாக்கியத்தை மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவர வேண்டும் என்று பரப்பினார். 1920-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரும் மோகமாக இருந்தது. இத்தகைய வாக்கியங்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று முறையாகச் சோதித்துப் பார்த்தது வெகுகாலம் கழித்துத்தான். 2009-இல் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், தாம் அன்புக்குரியவர் என்ற பொருள்படும் வாக்கியத்தைக் கல்லூரி மாணவர்கள் சில நிமிடங்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்கள். ஏற்கெனவே தம்மை உயர்வாக மதித்தவர்களுக்கு அதனால் சிறிது நன்மை கிடைத்தது. தம்மைத் தாழ்வாக மதித்தவர்களோ, அதைச் சொல்லாமல் இருந்தவர்களைக் காட்டிலும் மனம் சோர்ந்துபோனார்கள். வகுப்பறையை அறிந்த எவருக்கும் இது வியப்பளிக்காது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 11 மதிப்பெண் வாங்கிய ஒரு பையனை “நான் அறிவாளி” என்று உரக்கச் சொல்லவைத்தால், அவன் மனத்தில் முதலில் வந்து நிற்பது அந்த 11 தான்.

நம் வகுப்புகளுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. 2019-இல் அது வெளியானது. 9 முதல் 13 வயது வரையிலான 212 பிள்ளைகளுக்கு ஒரு கணிதத் தேர்வை இரண்டு பாதிகளாகக் கொடுத்தார்கள். முதல் பாதி முடிந்ததும் ஒரு பகுதியினரை “இதில் நான் கெட்டிக்காரன்” என்றும், இன்னொரு பகுதியினரை “என்னால் இயன்ற மட்டும் முயல்வேன்” என்றும் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். மீதிப் பேரை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. தமக்குக் கணக்கு வராது என்று எண்ணியிருந்த பிள்ளைகளில், முயற்சியைச் சொல்லிக்கொண்டவர்கள் இரண்டாம் பாதியில் மேலும் நன்றாகச் செய்தார்கள். திறமையைச் சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. இரண்டு வாக்கியங்களுமே நேர்மறையானவைதாம். ஆனால், ஒன்று தன்னைப் பற்றிய தீர்ப்பு. மற்றொன்று அடுத்துச் செய்யப்போகும் வேலை. முதல் வாக்கியத்தை அடுத்த தவறே பொய்யாக்கிவிடும். இரண்டாவதைப் பொய்யாக்க எந்தத் தவறாலும் முடியாது.

எந்தப் பிள்ளையும் “எனக்குக் கணக்கு வராது” என்ற எண்ணத்தோடு முதல் வகுப்புக்கு வருவதில்லை. சிறு குழந்தைகள் கடினமான ஒரு வேலையில் முனையும்போது வாய்விட்டுத் தமக்குத்தாமே பேசிக்கொள்வதை ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி ஆராய்ந்தார். பெரியவர்கள் குழந்தையிடம் பேசிய பேச்சு குழந்தையின் சொந்தப் பேச்சாக மாறி, நாளடைவில் ஓசை அடங்கி, உள்ளே சிந்தனையாகிறது என்பது அவர் தந்த விளக்கம். அப்படியானால், ஒன்பதாம் வகுப்பு மாணவன் விடைத்தாளின் முன் அமர்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வதில் ஒரு பகுதி, நாமும் அவன் வீட்டாரும் எப்போதோ அவனிடம் சொன்னதே. “மக்கு”, “மரமண்டை”, “இதுகூடவா தெரியாது?”, “நீ எங்கே தேறப்போறே?” என்பவை இன்னும் நம் வகுப்பறைகளிலிருந்து முற்றாக மறையவில்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்ட பலரும் இந்த இரண்டாம் பாதியை இன்னும் மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

திட்டுச் சொற்களைவிட நுட்பமாகக் காயப்படுத்துபவையும் உண்டு. மெல்லக் கற்கும் மாணவர்களின் பட்டியலை வகுப்பின் முன்னால் பெயர் பெயராக வாசிப்பது அவற்றில் ஒன்று. தேர்ச்சி விழுக்காட்டுக்காகத் தயாரிக்கப்படும் மினிமம் மெட்டீரியல் என்ற சுருக்கக் கையேட்டை ஒரு பிள்ளையிடம் நீட்டி, “நீ இதை மட்டும் படி, மற்றதெல்லாம் உனக்கு வேண்டாம்” என்பது இன்னொன்று. அந்தக் கையேட்டால் தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் ஏராளம். அதை நான் குறை கூறவில்லை. அதைக் கொடுக்கும்போது கூடவே சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் குறை கூறுகிறேன். அதைப் பிள்ளை நவம்பரில் நம் வாயிலிருந்து கேட்கிறது. மார்ச் மாதத்தில், தேர்வு அறையில், தன் குரலில் தனக்கே சொல்லிக்கொள்கிறது. காலையில் மைதானத்தில் “நான் வெற்றியாளன்” என்று சொல்லவைத்துவிட்டு, இரண்டாம் பாடவேளையில் இந்தப் பட்டியலை வாசித்தால், இவ்விரண்டில் எதைப் பிள்ளை நம்பும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? 1971-இல் டொனால்ட் மைக்கன்பாம், ஜோசப் குட்மன் என்ற இருவர், யோசிக்காமல் அவசரப்பட்டு விடையளிக்கும் சிறுபிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். முதலில் பெரியவர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலையைச் செய்துகாட்டுவார். அடுத்து அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். பிறகு பிள்ளை தானே உரக்கச் சொல்லிச் செய்யும். அதன்பின் முணுமுணுத்துச் செய்யும். கடைசியில் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு செய்யும். இதற்குத் தனி வகுப்போ கருவியோ வேண்டாம், கரும்பலகை போதும். இருபடிக் கோவைகளைக் காரணிப்படுத்தும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 7 எக்ஸ் கூட்டல் 12 என்று எழுதிவிட்டு, மூன்றும் நான்கும் என்று நேரே விடைக்குப் போய்விடுவதே நம் வழக்கம். பிள்ளை இதைப் பார்த்து, சாருக்கு உடனே தெரிந்துவிடுகிறது, நமக்குத் தெரியவில்லை, ஆகவே நமக்கு வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. அதற்கு மாறாக நான் கரும்பலகையின் முன் நின்று, “என்ன கேட்டிருக்கிறார்கள்? பெருக்கினால் 12 வர வேண்டும், கூட்டினால் 7 வர வேண்டும். இரண்டும் ஆறும் போட்டுப் பார்க்கிறேன். பெருக்கினால் 12 சரிதான். கூட்டினால் 8 வருகிறது. பரவாயில்லை, ஒரு வழி இல்லை என்று தெரிந்துவிட்டது. 12-க்கு வேறு என்ன காரணிகள் இருக்கின்றன?” என்று வாய்விட்டே யோசிக்கிறேன். இதில் எனக்கு முக்கியமானது விடை வந்த கணம் அன்று. இரண்டும் ஆறும் பொருந்தாமல் போன கணத்தில் என் வாயிலிருந்து வந்த சொல்தான். தவறு நேரும்போது ஒருவர் தம்மிடம் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் வேறெங்கும் காதால் கேட்க வாய்ப்பில்லை.

இதைத் தொடர்ந்து செய்துவரும்போது பிள்ளைகளின் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி, வாக்கியக் கணக்கு என்றாலே முழுவதும் வாசிக்குமுன் நோட்டை மூடிவிட்டு, “எனக்கு வராது சார்” என்பாள். “உனக்கு வரும்” என்று நான் பதில் சொல்லவில்லை. அவள் நம்பாத ஒன்றை என் பங்குக்கு நானும் திணிப்பதாகவே அது முடிந்திருக்கும். “எந்த வரி வரைக்கும் வருது, காட்டு” என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேனாவும் மூன்று நோட்டும் சேர்ந்து இன்ன விலை என்ற வகைக் கணக்கு அது. விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்து, “பேனாவை எக்ஸ், நோட்டை ஒய்னு வெச்சுக்கிற வரைக்கும் தெரியுது சார். அதைச் சமன்பாடா எழுதத்தான் தெரியலை” என்றாள். “எனக்கு வராது” என்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவே அவள் கற்றது. பின்னர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் “என்ன கேக்கறாங்க? என்ன குடுத்திருக்காங்க? எந்த எடத்துல நிக்கிறேன்?” என்று அவளாகவே எழுதி வைத்துக்கொண்டாள். அவள் சென்டம் வாங்கவில்லை. ஆனால், அரையாண்டுத் தேர்வு விடைத்தாளில் ஐந்து மதிப்பெண் வினா எதையும் அவள் தொடாமல் விடவில்லை. பாதியில் நின்ற கணக்குகளுக்கும் ஸ்டெப் மார்க் கிடைத்தது. அதற்கு முந்தைய தேர்வில் அந்தப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

தன்னைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்வதற்கும் வகுப்பறையில் இடம் உண்டு, அது மதிப்பெண்ணைப் பற்றியதாக இல்லாதவரை. அமெரிக்காவில் ஜெஃப்ரி கோயனும் ஹூலியோ கார்சியாவும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்கள் நட்பு, குடும்பம், கலை போன்றவற்றில் தமக்கு முக்கியமானதைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் முக்கியம் என்று ஏறத்தாழ 15 நிமிடங்கள் எழுதினார்கள். தம் இனத்தைக் குறித்த இழிவான எண்ணம் சுற்றிலும் நிலவிய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அதன்பின் உயர்ந்தது. பிற பள்ளிகளில் பின்னர் நடந்த சோதனைகள் சிலவற்றில் அந்த அளவு பயன் தெரியவில்லை என்பதால் இதை மருந்தாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், சாதியாலும் வறுமையாலும் ஏற்கெனவே எடைபோடப்பட்டுவிட்ட ஒரு பிள்ளை, தம்பியைப் பள்ளிக்கு அழைத்து வருவதைப் பற்றியோ, ஆடு மேய்ப்பதில் தனக்குத் தெரிந்ததைப் பற்றியோ, யாரும் சிவப்பு மையால் திருத்தாத ஒரு பக்கம் எழுதுவதற்குத் தமிழ்ப் பாடவேளையில் இடமளிப்பதில் இழப்பு ஏதுமில்லை.

முழக்கங்களைப் பற்றி எனக்குள்ள மற்றொரு கவலையையும் சொல்லியாக வேண்டும். “நினைத்தால் முடியும்” என்று நாள்தோறும் சொல்லிக்கொடுக்கப்படும் பிள்ளை, முடியாமல் போகும்போது, தான் சரியாக நினைக்கவில்லை என்றே எண்ணிக்கொள்கிறது. ஆண்டின் பாதிவரை அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லாமல் இருந்திருக்கலாம்; வீட்டில் படிக்க இடம் இல்லாமல் இருந்திருக்கலாம்; ஐந்தாம் வகுப்பிலேயே பின்னம் புரியாமல் போய், அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பத் தொடாமல் விட்டிருக்கலாம். இவை எவற்றையும் சுயபேச்சு சரிசெய்யாது. பணியிடத்தை நிரப்புவதும் பின்னத்தைத் திரும்பக் கற்பிப்பதும் நம் கடமைகள். அவற்றின் சுமையை ஒரு வாக்கியமாக்கிப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது அநீதி.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில், பாடத்தை முடிக்கவே நேரம் போதாதபோது இதற்கெல்லாம் எங்கே போவது என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். ஒரு பாடவேளையில் ஒரே ஒரு கணக்கை வாய்விட்டு யோசித்துச் செய்துகாட்டினால் போதும். மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அடுத்த கணக்கை ஒரு மாணவரை அழைத்து அவ்வாறே சொல்லச் சொல்லலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மட்டும் அழைக்காமல், தடுமாறும் பிள்ளை தடுமாறிக்கொண்டே சொல்வதையும் வகுப்பு கேட்க வேண்டும்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கும், அருகமைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களை நடத்துவோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: தன்னம்பிக்கை குறித்த சொற்பொழிவு ஒன்றுக்கு ஒதுக்கும் நேரத்தை, ஆசிரியர்கள் ஒருவர் முன் ஒருவர் ஒரு பாடப்பகுதியை இவ்வாறு வாய்விட்டு யோசித்து நடத்திக் காட்டுவதற்கு ஒதுக்குங்கள், அவரவர் பாடத்தில், அவரவர் பாடநூலிலிருந்தே அது அமையட்டும். தலைமையாசிரியர்களிடம் கேட்பது அதைவிட எளியது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் தயாரிக்கப்படும் மெல்லக் கற்போர் பட்டியல் ஆசிரியர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் இருக்கட்டும். அது வகுப்பில் வாசிக்கப்படவும் வேண்டாம், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவும் வேண்டாம். சிறப்பு வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளையை வகுப்பாசிரியர் தனியே அழைத்து, எந்தப் பாடத்தில் எந்தப் பகுதிக்காக வரச் சொல்கிறோம் என்பதை அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லட்டும்.

இங்ஙனம்,
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
அரசு உயர்நிலைப் பள்ளி,
விழுப்புரம் மாவட்டம்.