ஞாயிறு காலையில் ஸ்பானர் உங்கள் கையில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கடையில் ரிப்பேர் வேலை எடுக்கமாட்டோம். அந்த நேரம் பட்டறை உங்களுடையது. ஸ்பானர், டயர் லீவர், பம்ப், தண்ணீர்த் தொட்டி எல்லாம் எடுத்து வைத்திருப்போம். உங்கள் சைக்கிளை நீங்களே கழற்றி நீங்களே பூட்டுங்கள். நாங்கள் பக்கத்தில் நிற்போம். கற்றுக்கொள்ளக் கட்டணம் இல்லை. புதிதாக மாற்றும் சாமானுக்கு மட்டும் காசு.

"எல்லாரும் கற்றுக்கொண்டால் உங்கள் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் அக்கறையோடு கேட்டீர்கள். செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணிகளைக் கோக்கும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். 24 இடைவெளியை ஸ்கேலில் அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். செயின் தேய்ந்து பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால், பின்சக்கரத்தில் செயின் ஓடும் ஃபிரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றியாக வேண்டும். ஒரு ஸ்கேலும் இரண்டு நிமிஷமும் போதுமான விஷயம் தெரியாமல் பெரிய செலவோடு வந்து நிற்பவரிடம் காசு வாங்க எங்களுக்குக் கை கூசுகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

முன்பு ஒருமுறை வேறு மாதிரி செய்து பார்த்தோம். நாங்கள் பஞ்சர் ஒட்டினோம், பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. அடுத்த வாரம் அதில் ஒருவர் தானே ஒட்டிய டியூபோடு வந்தார். ஒட்டு முழுசாக உரிந்திருந்தது. சொலூஷனை, அதாவது ஒட்டும் பசையைத் தடவிய கையோடு, ஈரம் காய்வதற்குள் ஒட்டைப் போட்டிருக்கிறார். தவறு எங்களுடையது. அந்தக் காத்திருப்பைக் கண்ணால் கற்க முடியாது. உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் சொலூஷனை மெல்லியதாகப் பரப்பி, பளபளப்பு மங்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தை விரலால் தொட்டால் பிசுக்கென்று இழுக்க வேண்டும், விரலில் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. பிறகுதான் ஒட்டை வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். இதைச் சொந்த விரலால் ஒருமுறை உணர்ந்தவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

ஆகவே இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கையிலிருக்கும் ஸ்பானரை நாங்கள் வாங்கமாட்டோம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. சைக்கிளைத் தொட்டே பழகாத பெரியவர்களும் தயங்காமல் வாருங்கள். பிள்ளைகளை விடப் பொறுமையாகச் செய்வது பெரும்பாலும் நீங்கள்தான்.

முதல் நாள் பஞ்சர். டியூபில் ஓட்டை கண்டுபிடிப்பதோடு நிறுத்தவிடமாட்டோம். டயரின் உட்பக்கம் முழுக்கத் துணியை ஓட்டிப் பார்க்கச் சொல்வோம்; முள் அங்கேயே இருந்தால் துணி சிக்கும், முள்ளை எடுக்காமல் பூட்டினால் மறுநாளே காற்று இறங்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கியதில் ரிம் கடித்த தடம் அது. பிறகு பிரேக்: கட்டை ரிம்மில் முழுசாகப் பட வேண்டும், டயரில் உரசக்கூடாது. அதற்கப்புறம் செயினுக்கு எண்ணெய். எண்ணெய் விட்டதும் மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பெடலில் மட்டும் கவனம். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கமான திசையில் பலம் போட்டால் இன்னும் இறுகும், மரையும் கெடும். ஸ்பானரின் பிடி மேலே நிற்கும்படி மாட்டி, பிடியைப் பின்சக்கரப் பக்கம் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும்.

ரிம் கோட்டம் எடுப்பதையும் பேரிங் குண்டு மாற்றி, அதைப் பிடித்து நிற்கும் கோனை இறுக்குவதையும் பிறகு பார்க்கலாம். ஸ்போக் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாத பொறுமை வந்தபின் கற்றுத்தருகிறோம். ஃபிரேமில் விரிசல், ஃபோர்க்கில் வளைவு என்றால் நேராக எங்களிடம் கொடுத்துவிடுங்கள், அதை யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

பழைய துணி உடுத்தி வாருங்கள், கிரீஸ் கறை போகாது. சைக்கிளைத் துடைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள். எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது, எங்கே உரசியிருக்கிறது என்று அந்த அழுக்கிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடை