ஹிஸ்டரி படிக்கப் போறவனோட டிசிய குடுத்துடுங்க சார்

தனியார் இன்ஜினியரிங் காலேஜ் நடத்துற தாளாளர்களுக்கும் பிரின்சிபல்களுக்கும் வணக்கம்.

நான் மெக்கானிக்கல் ஒரு வருஷம் படிச்சிட்டு வெளிய வந்தவன், இப்போ அரசு கலைக் கல்லூரியில பி.ஏ. ஹிஸ்டரி ஃபைனல் இயர். அரியர் வச்சிட்டு ஓடி வந்துட்டேன்னு நினைக்காதீங்க, ரெண்டு செமஸ்டரும் ஆல் கிளியர். ஒர்க்‌ஷாப்ல வி ஃபிட்டிங்குக்கு, அதான் ரெண்டு இரும்புத் துண்ட வி வடிவத்துல பொருத்துறதுக்கு, அரத்த வச்சி ராவி ராவி கை கொப்புளிச்சி கடைசியில பொருந்தவும் செஞ்சுது, ஆனா சந்தோஷமே வரல சார். கவுன்சிலிங்ல சாய்ஸ் போட்டப்போ எனக்கு பதினேழு வயசு, மாமா சொன்ன வரிசையில அப்படியே போட்டேன், அவ்ளோதான் நடந்தது.

விட்டுட்டு போறேன்னு ஆபீஸ்ல போய் நின்னப்போதான் தெரிஞ்சுது என் பத்தாவது பன்னெண்டாவது ஒரிஜினல் எல்லாம் அடகு வச்ச நகை மாதிரி உள்ள கிடக்குன்னு. மிச்சம் மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ, உன் சீட்டு காலியாத்தானே கிடக்கும்னாங்க. எங்கப்பா லோடு ஆட்டோ ஓட்டுறாரு. ஒரிஜினல சரிபார்த்துட்டு கையிலயே திருப்பி குடுத்துடணும், படிக்கிற செமஸ்டருக்கோ வருஷத்துக்கோ மட்டும்தான் ஃபீஸ் வாங்கணும்னு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லயே சொல்லியிருக்கு, அத பிரிண்ட் எடுத்துட்டு போய் நீட்டினா "அதெல்லாம் டெல்லியில தம்பி"ன்னு சொல்லி பேப்பர திருப்பிக் குடுத்தாங்க. (பேப்பர மட்டும் உடனே குடுத்துட்டாங்க பாருங்க.)

கடைசியா கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல அப்பாவும் நானும் மனு குடுத்த பிறகுதான் சர்டிபிகேட் கைக்கு வந்துச்சு, அதுக்குள்ள ஆர்ட்ஸ் காலேஜ் அட்மிஷன் முடிஞ்சி, ஒரு வருஷம் ஜெராக்ஸ் கடையில நின்னேன். இங்கயும் முதல் வருஷத்துலருந்துதான் ஆரம்பிக்கணும், அது எனக்கு ஓகே, அது நானா எடுத்த முடிவு. ஜெராக்ஸ் கடை வருஷம்தான் நீங்க எடுத்துக்கிட்டது.

போன வருஷம் காலேஜ்லருந்து செங்கம் பக்கம் ஒரு நடுகல்லுக்கு, செத்த வீரனுக்காக நட்ட கல்லு, அதுல இருக்கிற எழுத்த படியெடுக்க கூட்டிட்டு போனாங்க. ஈரப் பேப்பர கல்லு மேல ஒட்டி பிரஷ்ஷால தட்டித் தட்டி, மேல மைய ஒத்தி ஒத்தி எடுக்கும்போது வெறும் கல்லுன்னு நினைச்ச இடத்துல எழுத்து ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. சாப்பாட்டு நேரம் போனதே தெரியல.

இன்ஜினியரிங் வேஸ்ட்னு சொல்ல வரல. என் ரூம்மேட் அதே மெக்கானிக்கல்ல உசுரா இருக்கான். போகணும்னு வர்ற பசங்களோட டிசியையும் ஒரிஜினலையும் அந்த வாரமே குடுத்துடுங்க, படிக்காத மூணு வருஷ ஃபீஸ் கணக்க அவன் தலையில கட்டாதீங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

இன்னொண்ணு. பாக்கி எதுவும் இல்லன்னு குடுக்குற நோ டியூ ஃபார்ம்ல காரணம்ங்கிற இடத்துல "வரலாறு படிக்கப் போகிறேன்"னு எழுதினேன். கிளார்க் சார் அத அடிச்சிட்டு "குடும்ப சூழ்நிலை"ன்னு அவரே எழுதிட்டாரு. அத மட்டுமாவது திருத்திடுங்க சார்.