டைப்ஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் டைப்ஸ்கிரிப்ட் பாடம் எடுக்கும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

உங்கள் வீடியோக்களைப் பார்த்துத்தான் ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சேர்த்த இந்த மொழியைக் கற்றேன், அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை முதல் பாடத்திலேயே அழுத்திச் சொல்லுங்கள்: இது நம்பர், இது ஸ்ட்ரிங் (எழுத்துத்தொடர்) என்று நாம் எழுதும் டைப்புகள் புரோகிராம் ஓடும்போது இருப்பதில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலையில் ஆர்டர் விவரம் ஏபிஐயிலிருந்து, அதாவது சர்வர் டேட்டா தரும் வழியிலிருந்து, வரும். விலை நம்பர், டெலிவரி கட்டணம் நம்பர் என்று டேட்டாவின் வடிவத்தைச் சொல்லும் ஒரு இன்டர்ஃபேஸை 'ஆர்டர்' என்ற பெயரில் எழுதி, வந்த ஜேசனுக்கு (எழுத்து வடிவில் வரும் டேட்டா) பின்னால் 'ஆஸ் ஆர்டர்', அதாவது இதை ஆர்டராக எடுத்துக்கொள், என்று போட்டேன். எடிட்டரில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. ஒரு நாள் பேக்எண்டிலிருந்து (சர்வர் பக்கம்) விலை ஸ்ட்ரிங்காக வர ஆரம்பித்தது, 1200-உம் 50-உம் கூட்டினால் 1250 வராமல் இரண்டும் ஒட்டிக்கொண்டு 120050 என்று திரையில் வந்து நின்றது. டைப்பில் நம்பர் என்றுதானே இருக்கிறது, தப்பு வேறெங்கோ என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், நம்மில் பலர் ஜாவாவோ சி ஷார்ப்போ படித்துவிட்டு இங்கே வருகிறோம். ஜாவாவில் தப்பாக காஸ்ட் செய்தால், அதாவது ஒரு பொருளை வேறு டைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஓடும்போதே எக்ஸெப்ஷன் (பிழை) வரும். சி ஷார்ப்பில் 'ஆஸ்' போட்டால் நிஜமாகவே பொருளைச் சோதித்து, பொருந்தாவிட்டால் 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்பதைத் தரும். டைப்ஸ்கிரிப்டின் 'ஆஸ்' எதையும் சோதிப்பதில்லை, "நான் சொல்வதை நம்பு" என்று, ஓடுவதற்கு முன்பே டைப்புகளைச் சரிபார்க்கும் கம்பைலரிடம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் 2012-இல் வெளிவந்த டைப்ஸ்கிரிப்டுக்கும் முக்கியக் காரணகர்த்தா. அதே சொல், வேலை மட்டும் வேறு. ஓடும்போது டைப் தகவல் வைத்திருப்பது தங்கள் நோக்கமே இல்லை என்று டைப்ஸ்கிரிப்ட் குழு எழுதி வைத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் இப்போதைய நோட்.ஜேஎஸ் டைப்ஸ்கிரிப்ட் ஃபைலை நேரடியாக ஓட்டும்போது டைப் இருந்த இடங்களில் வெறும் இடைவெளியை நிரப்பிவிட்டுத்தான் ஓட்டுகிறது, இதை வகுப்பில் ஒரு முறை காட்டினாலே பாதி புரிந்துவிடும்.

சரி, அப்போது எப்படித்தான் சோதிப்பது? ஒரு பொருள் எந்த கிளாஸில் உருவானது என்று பார்க்கும் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' கிளாஸுக்கு மட்டும்தான், இன்டர்ஃபேஸிடம் கேட்டால் கம்பைலரே திட்டும். ஜேசனிலிருந்து வரும் பொருள் எந்த கிளாஸிலும் பிறந்ததில்லை என்பதால் கிளாஸ் எழுதி வைத்தாலும் பதில் இல்லை என்றுதான் வரும். மதிப்பின் டைப்பைச் சொல்லும் 'டைப்ஆஃப்' ஸ்ட்ரிங், நம்பர், பூலியனுக்கு (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) நன்றாக உதவும், ஆனால் 'நல்'லையும் அரேயையும் (பட்டியல்) 'ஆப்ஜெக்ட்' என்றே சொல்லும். ஆகவே 'நல்'லைத் தனியாக விலக்கிவிட்டு ஒவ்வொரு ஃபீல்டாகத்தான் பார்க்க வேண்டும்.

இதற்காகத்தான் 2018-இல் 3.0 பதிப்பில் 'அன்நோன்' வந்தது. வெளியிலிருந்து வருவதை 'எனி' (எதுவாக இருந்தாலும் சரி) ஆக விடாமல் 'அன்நோன்' (என்னவென்று தெரியாது) என்று வாங்கினால், சோதிக்காமல் அதைத் தொடவே கம்பைலர் விடாது. அப்புறம் வந்தது நாம் நினைத்த டைப்தானா என்று சோதித்துச் சொல்லும் ஒரு டைப் கார்டு ஃபங்ஷன் எழுதலாம், இல்லையென்றால் ஸாட் போன்ற லைப்ரரியில் ஒரே ஸ்கீமாவிலிருந்து (டேட்டாவின் வடிவ விவரிப்பு) டைப்பையும் சோதனையையும் சேர்த்தே எடுக்கலாம். கார்டை நாமே எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும்: உள்ளே ஒன்றுமே பார்க்காமல் 'ட்ரூ' என்று திருப்பினாலும் கம்பைலர் அப்படியே நம்பிவிடும்.

எல்லா இடத்திலும் சோதிக்கச் சொல்லவில்லை. நம் புரோகிராமுக்குள் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். ஏபிஐ, லோக்கல் ஸ்டோரேஜ் (பிரவுசரில் சேமித்தது), ஃபார்ம் என்று வெளியிலிருந்து டேட்டா நுழையும் வாசலில் மட்டும் போதும். அடுத்த முறை, ஏபிஐயிலிருந்து டேட்டா வாங்கும் 'ஃபெட்ச்' பாடம் எடுக்கும்போது, நேரமில்லை என்று 'ஆஸ்' போட்டுக் கடந்துவிடாமல் அந்தப் பத்து வரி கார்டை மாணவர்கள் முன்னால் எழுதிக் காட்டுங்கள். ஸ்ட்ரிங்காக வந்த ஒரு விலையை அதற்குள் அனுப்பி, அது தடுத்து நிறுத்துவதையும் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் படித்த ஒருவன்