மூக்கைத் தொட்ட கீழ்வீட்டு அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜப்பானில் உன் வீட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. போன் போட்டாலே நீ கேட்பது, "நாங்க ஆபீஸ் போனப்புறம் பகலெல்லாம் தனியா கஷ்டப்பட்டியாம்மா?" என்பதுதான். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கஷ்டம் முதல் வாரம் மட்டும்தான். கீழ்வீட்டு அம்மாவுக்கு நான் மெதுவடை கொண்டுபோன நாள் நினைவிருக்கிறதா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று நீ தலைவலி மாத்திரை கொடுத்தாய். நடந்தது என்னவென்றால், கதவைத் திறந்ததும் தட்டை நீட்டினேன், அந்த அம்மா ஆள்காட்டி விரலால் தன் மூக்கைக் காட்டினார், உடனே அதே மூக்குக்கு முன்னால் கையை விசிறி மாதிரி ஆட்டினார். நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தானே. பெருங்காய வாசனை கீழ்வீடு வரை போய்விட்டது போல என்று தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். இரண்டு நாள் சாம்பாரே வைக்கவில்லை, ஜன்னலையும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டு திரும்பி வந்தது, அதில் ஆறு ஸ்ட்ராபெர்ரி! அப்புறம் உன் பிள்ளைதான் விளக்கினான்: மூக்கைக் காட்டினால் 'நானா?', முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் 'ஐயோ, வேண்டாம்'. நாம் நெஞ்சைத் தொடுகிறோம், அவர்கள் மூக்கைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். "எனக்கா? எதுக்கு இதெல்லாம்" என்று நாமும் ஒரு பேச்சுக்குச் சொல்வோமே, அந்த அம்மா சொன்னதும் அதேதான்.

அதன் பிறகு நல்ல பழக்கம். பூங்கா பெஞ்சிலிருந்து என்னைக் கூப்பிடுவது நம்மைப் போலவேதான், உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை மடக்கி மடக்கி. உன் ஆபீஸ் அமெரிக்கக்காரர் இதைப் பார்த்து 'போ' என்கிறார்கள் என்று திரும்பி நடந்தாராமே, எனக்கு ஒரு நொடிகூடக் குழப்பமில்லை. கடை வாசலில் ஒரு கையைத் தூக்கி உட்கார்ந்திருக்கும் பூனை பொம்மையும் வாடிக்கையாளரை இப்படித்தான் கூப்பிடுகிறது.

மே மாதப் போட்டி 15 நாளும் சாயங்காலம் அவர் வீட்டில்தான் சூமோ மல்யுத்தம் பார்த்தேன். ஜெயித்தவன் குந்தி உட்கார்ந்து, நடுவர் விசிறியில் வைத்து நீட்டும் பண உறைகளை எடுப்பதற்கு முன் கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தி இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில் என்று வெட்டுகிறான். கூட்டத்துக்கு நடுவே புகுந்து போகிறவர்கள் குனிந்தபடி முன்னால் நீட்டுவதும் அதே கத்திக் கைதான். நிஷி கசாய் ஸ்டேஷனில் நானும் செய்து பார்த்தேன், வழி விட்டார்கள்!

இன்னொரு கூத்து, மாப்பிள்ளையிடம் சொல்லாதே. ஒருநாள் பூங்காவில் அவசரம், கழிப்பறை எங்கே என்று கேட்கப் பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு பெரியவரிடம் சுண்டுவிரலைக் காட்டிவிட்டேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். கீழ்வீட்டு அம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார். அவர்கள் காலத்து ஆட்களுக்குச் சுண்டுவிரல் என்றால் காதலி, கட்டைவிரல் என்றால் ஆண்பிள்ளை. அதாவது அறுபத்திரண்டு வயதில், முன்பின் தெரியாதவரிடம், காதலி இருக்கிறாளா என்று விசாரித்திருக்கிறேன்.

கட்டைவிரலுக்கு அங்கே பெயரே 'ஓயா யுபி', பெற்றோர் விரல். உன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது ஒரு கறுப்பு வண்டி போனது. அவன் என் கையை உதறிவிட்டு இரண்டு கட்டைவிரலையும் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். சவ வண்டி போகும்போது அந்த விரலை மறைக்காவிட்டால் தாய் தகப்பனுக்கு ஆகாதாம். பக்கத்தில் வந்த கீழ்வீட்டு அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, அவரும் மடக்கியிருந்தார். நானும் மடக்கினேன். உன் அம்மாச்சி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

சரி, நான் பத்திரமாக வந்து சேர்ந்ததை அந்த அம்மாவிடம் சொல்லிவிடு. உன் ஜப்பானியம் எல்லாம் வேண்டாம், இரண்டு கையையும் தலைக்கு மேலே வளைத்து வட்டம் போட்டுக் காட்டு, புரிந்துகொள்வார். ஞாபகமாக வட்டம், கைகளைக் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி போட்டுவிடாதே, பதறிவிடுவார். அவருடைய நீல டப்பா மேல் அலமாரியில் இருக்கிறது, வெறும் டப்பாவாகக் கொடுக்காதே.

அம்மா