பூடும் பூவும்

அன்பின் நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

அம்மா செத்து, 31ஆம் நாள் சடங்கும் கழிந்து ஒரு கிழமையாகிறது. பந்தலையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று தொலைபேசியில் நீ, எப்படித் தாங்குகிறாய் என்று கேட்டாய். எனக்குப் பேச்சு வரவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

செத்தவீட்டன்று காலையில் எனக்கு அழுகையே வரவில்லை. கதிரை எண்ணுவதும் தேநீருக்குச் சொல்வதுமாக ஓடித்திரிந்தேன். பிறகு சுண்ணம் என்கிற வாசனைப்பொடி இடிக்க உரலைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் உலக்கையைப் பிடிக்க, சுற்றி நின்றவர்கள் திருப்பொற்சுண்ணம் தொடங்கினார்கள். சனிக்கிழமை வகுப்பில் நாம் பிரம்புக்குப் பயந்து பாடமாக்கியது நினைவிருக்கிறதா? மாணிக்கவாசகர் தில்லையில் பாடியது. இறைவன் நீராடுவதற்குப் பெண்கள் கூடிப் பொற்பொடி இடிக்கிறார்கள். முத்துமாலை தூக்குங்கள், முளைக்குடம் வையுங்கள் என்று கலியாண வீட்டு ஆரவாரத்தோடு தொடங்கும். அதைப் போய் நம் ஊரில் பிணத்தின் முன்னால் பாடுகிறோம். 20 பாட்டும் ‘நாமே’ என்றே முடியும். அந்த ‘நாமே’ வரும்போதெல்லாம் என் உலக்கை விழுந்தது. நாலைந்து பாட்டுக்குள் தொண்டை அடைத்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. என் பங்கையும் சேர்த்து அவர்களே பாடிவிட்டார்கள். அப்போதுதான் அழுதேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் விறாந்தையில் திருவாசகத்துச் சிவபுராணம். அயல்வீட்டு அண்ணர் எட்டாத சுருதியில் தொடங்கிவிடுவார். 95 வரியில் பாதி தாண்டுமுன் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். தனியே ஓதிப் பார்த்தேன், மனம் மூன்றாம் வரியிலேயே அம்மாவின் கட்டிலடிக்குப் போய்விடுகிறது. கூட்டத்தில் அதற்கு இடமில்லை. பக்கத்திலிருப்பவர் எங்கே மூச்செடுக்கிறார் என்று பார்ப்பதிலேயே கவனம் போய்விடும். கோயில் வாசலை மிதிக்காத எங்கள் ஐயாவும் கதவடியில் நின்று உதட்டை அசைத்தார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

உன் அப்பா போனபோது அங்கே மண்டபத்தில் இரண்டு மணி நேரம்தான் தந்தார்கள் என்று எழுதியிருந்தாய். சுண்ணம் இடித்தீர்களா? யார் பாடினார்கள்? அதை நீ எழுதவேயில்லை.

31ஆம் நாளுக்கு அச்சடித்த அம்மாவின் நினைவுப் புத்தகம், அதுதான் கல்வெட்டு, ஒன்று தனியே அனுப்புகிறேன். நம் வீடுகளில் திருமுறைப் புத்தகம் காசு கொடுத்து வாங்கியவர் யார்? யாரோ ஒருவருடைய கல்வெட்டை வைத்துத்தானே பாடுகிறோம். இதில் ஒரு பிழை. சிவபுராணத்தில் ‘புல்லாகிப் பூடாய்’ என்பது ‘பூவாய்’ என்று அச்சாகிவிட்டது. பிழை திருத்தியவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. 31ஆம் நாளன்று பாதிப்பேர் பழக்கத்தில் பூடாய் என்றார்கள், பாதிப்பேர் புத்தகத்தைப் பார்த்துப் பூவாய் என்றார்கள். ஐயா சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நீ பேனாவால் திருத்திக்கொள். எங்கள் பிரதியை நான் திருத்தவில்லை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்